குருதி எண்ணிக்கையும் பதிவேடும்: நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு வரலாறு

நாகர்கோவிலுக்குக் கிழக்கே, கற்சிற்பத் தொழிலால் பெயர்பெற்ற மயிலாடி, தென்திருவிதாங்கூரின் நவீன மருத்துவ வரலாற்றோடும் உறவுடையது. அவ்வூரைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே, இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1809இல் அங்கு ஆலயம் எழுப்பினார். அடுத்து வந்த சார்லஸ் மீட் காலத்தில் தலைமையிடம் நாகர்கோவிலுக்குப் பெயர்ந்தது. பின்னர் நெய்யூரில் உருவான நிலையத்தில் 1838இல் டாக்டர் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணியே, 1923இல் அங்கு சேர்ந்த எவரெஸ்ட் வீரர் டாக்டர் ஹோவர்டு சாமர்வெல் காலத்தில் பெரும் மருத்துவமனையாக விளங்கியது.

ராம்சே பணியாற்றிய நாளில் குருதியணுக்களை எண்ணும் வழக்கம் உலகில் எங்கும் இல்லை. 1852இல் ஜெர்மனியின் கார்ல் ஃபீரோர்ட் சிவப்பணுக்களை எண்ணும் முறையைக் கண்டார். 1878இல் ஆங்கிலேயரான கவர்ஸ், குருதியின் நிறத்தை ஒப்பிட்டு ஹீமோகுளோபினை அளக்கும் சிறு கருவியை உருவாக்கினார். கட்டம் கீறிய கண்ணாடித் தகட்டின்மேல் நீர்த்த குருதியை விட்டு, நுண்ணோக்கியின் கீழ் கட்டம் கட்டமாக அணுக்களை எண்ணிப் பெருக்குவதே நெடுங்காலம் ஆய்வகப் பணியாளரின் அன்றாட வேலையாக இருந்தது. அணுக்களைத் தாமே எண்ணும் இயந்திரத்துக்கு வாலஸ் கூல்டர் 1953இல்தான் காப்புரிமை பெற்றார்.

திருவிதாங்கூரில் இந்த அளவைகளுக்குப் பெரும் தேவையை உண்டாக்கியவற்றுள் கொக்கிப்புழு முதன்மையானது. ஈரமண்ணில் வெறுங்காலோடு உழைப்போரின் தோலைத் துளைத்து நுழையும் இப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சுவதால் உடலின் இரும்புச்சத்து மெல்ல மெல்ல வடிந்து சோகை உண்டாகும். வெளிறிய முகமும் மூச்சிரைப்பும் கொண்ட அத்தொழிலாளர், நோயாளி என்று அறியப்படாமல் சோம்பேறி என்றே ஏசப்பட்டது வேதனைக்குரியது. 1920களின் பிற்பகுதியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு அரசு மேற்கொண்ட ஒழிப்புப் பணி, மருந்தோடு கழிப்பிடத்தையும் வலியுறுத்தியது.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாக்ஸ்வெல் விண்ட்ரோப் வகுத்த அளவைகள், சோகையின் வகையைப் பிரித்தறிய வழிசெய்தன. அவற்றுள் எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு. பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும் சேர்ந்து குறைந்தால் இரும்புக் குறைபாடு முதல் ஐயமாகும். ஆனால் எம்.சி.வி. மிகக் குறைந்தும் சிவப்பணு எண்ணிக்கை உயர்ந்தும் காணப்பட்டால், பரம்பரைக் கூறான தலசீமியாவையும் கருதவேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2024 வரை நெடுங்காலம் பின்பற்றிவந்த வரையறைப்படி, டெசிலிட்டருக்கு 11.5 கிராம் ஹீமோகுளோபின் கருவுற்ற பெண்ணுக்குப் போதுமானது, ஏனெனில் அவருக்கான எல்லை 11; கருவுறாத பெண்ணுக்கு எல்லை 12 ஆதலால் அதே அளவு சோகையாகும். யாருடைய குருதி, எந்நிலையில் எடுத்தது என்று அறியாதவரை அவ்வெண் எதையும் சொல்வதில்லை.

எண்ணை ஆளோடு சேர்த்துவைக்கும் இந்தத் தேவைக்குத் தாள் பதிவேடு போதாத நிலையில், 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். பெயரும் வயதும் ஓர் அட்டவணையிலும், சோதனை முடிவுகள் வேறோர் அட்டவணையிலும் இருக்க, திறவுகோல் எனப்படும் பொது எண் இரண்டையும் இணைக்கும். 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் முன்வைத்த வினவல்மொழியே இன்றைய எஸ்.கியூ.எல். மொழியாக வளர்ந்தது; அதில் ‘செலக்ட்’ வேண்டிய நிரல்களையும், ‘ஃப்ரம்’ அட்டவணையையும், ‘வேர்’ நிபந்தனையையும், ‘ஜாயின்’ இணைப்பையும் குறிக்கும்.

நாகர்கோவிலும் நெய்யூரும் அடங்கிய குமரிப் பகுதி 1956இல் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. இன்று தமிழகமெங்கும் கருவுற்ற பெண்கள் பிக்மி என்னும் அரசுத் தளத்தில் பதிவாகி, ஆர்.சி.ஹெச். எனப்படும் 12 இலக்க எண் பெறுகின்றனர். இத்தகைய பதிவில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழ் உள்ளோரைக் கேட்கும் வினவல், சோதனை செய்துகொண்டவர்களை மட்டுமே தரும்; சோதனைக்கே வராதவருக்குரிய இடம் ‘நல்’ என்னும் வெறுமையாக இருப்பதாலும், வெறுமை 11ஐவிடக் குறைவு என்று கணினி கொள்ளாததாலும், அவர் பெயர் பட்டியலில் தோன்றாது. கிராமச் செவிலியர் முதலில் தேடிச் செல்லவேண்டியவர் பெரும்பாலும் அவரே. பதிவான அனைவரையும் முதலில் நிறுத்தி, முடிவு இல்லாதவரையும் விடாமல் காட்டும் ‘லெஃப்ட் ஜாயின்’ என்னும் இணைப்பைக் கொண்டு, வெறுமையாக உள்ள இடங்களைத் தனியே கேட்டால் அவர் பெயர் கிடைக்கும்.