தோட்டா மறுநிரப்பு எந்திரம்: கையிலிருந்து மோட்டாருக்கு

சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பும் வழக்கம் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அன்று எல்லாம் கைக்கருவிதான். ஒரே கூட்டை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே எடுத்து வைக்கவேண்டும். பின்னர் சான் டியாகோவில் உருவான ஸ்டார் எந்திரத்தில் கூடுகளை ஏந்திய வட்டத்தட்டு சுழன்றது. நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முழுமையாகும். 1970களுக்குப் பின் டில்லன் நிறுவனம் இம்முறையை வீடுகளுக்கும் சிறு வணிகத்துக்கும் பரப்பியது. அடுத்து, நெம்புகோலை இழுக்க மோட்டார் வந்தது.

வேகம் கூடியது சரி. ஆனால் கூடு சிக்கினால் கை உணரும், மோட்டார் உணராது. (தையல் எந்திரத்தில் ஊசி முறியுமுன் கைக்குத் தெரிந்துவிடுமே, அதுபோல.) மருந்து இருமடங்கு விழுந்த தோட்டா துப்பாக்கியையே பிளக்கக்கூடும். அதனால் மருந்தளவைச் சோதிக்கும் உணரியும், இறுக்கம் மிகுந்தால் தானாக நிற்கும் அமைப்பும் மோட்டாரோடு இணைக்கப்பட்டன.