33 டிகிரிதான், ஆனால் உடல் உணர்வது 42: வெப்பக் குறியீட்டை அறிவோம்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மே மாதம் வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வெயில்கூடப் பரவாயில்லை, புழுக்கம்தான் தாங்கல." கைபேசியில் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் என்றிருக்கும், அதன் கீழே "உணரும் வெப்பம் 42" என்றிருக்கும். இந்த இரண்டாவது எண் எங்கிருந்து வருகிறது?

வியர்வை உலராதபோது

நம் உடலின் உள் வெப்பநிலை சுமார் 37 டிகிரி. அதைக் காக்க அல்லாஹ் தந்த ஏற்பாடு வியர்வை. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் தோலின் சூட்டை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது.

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 1979இல் ராபர்ட் ஸ்டெட்மன் வகுத்தார். அதிலிருந்து வந்ததே வெப்பக் குறியீடு. 32 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடல் உணர்வது 33 டிகிரி. அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் உணர்வது 41. இது நிழலில் இருப்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நிற்பவருக்கு இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

வடசென்னையின் நிலை

பிற்பகலில் வீசும் கடற்காற்று வெப்பநிலையைக் குறைக்கிறது. ஆனால் ஈரத்தையும் கொண்டுவருகிறது. துறைமுகத்தின் இரும்புக் கண்டெய்னர்களும், பட்டறைகளின் தகரக் கூரைகளும், கொதிகலன்களும் தம் பங்குக்குச் சூட்டைக் கூட்டுகின்றன. ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளில் இரவிலும் உடலுக்கு ஓய்வில்லை.

கடலோரத்தில் வெப்பநிலை குறைந்தது 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை என்கிறது. ஆகவே அறிவிப்பு இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. இதை உணர்ந்தே அம்மையம் 2023 ஏப்ரலில் வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது: 36 முதல் 45 வரை மஞ்சள், 46 முதல் 55 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

மார்க்கம் காட்டும் வழி

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுச் சூடு தணியும்வரை தாமதப்படுத்த நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். தொழுகையையே அதன் நேரத்துக்குள் தள்ளிவைக்கலாம் என்றால், மூட்டை இறக்குவதையும் கான்கிரீட் போடுவதையும் தள்ளிவைக்கக் கூடாதா? குடோனும் பட்டறையும் நடத்தும் நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வியர்வையே உலராத நாளில் தொழிலாளியின் உயிரும் நம் பொறுப்பில் உள்ள அமானிதம்தான்.

செய்ய வேண்டியவை

கடும் வேலைகளைக் காலையிலேயே முடித்து, பகல் 12 முதல் 3 வரை நிழலில் ஓய்வு கொடுங்கள். தாகம் எடுக்கக் காத்திராமல் தண்ணீர், உப்பிட்ட மோர் குடியுங்கள். நோன்பு வைத்திருப்பவர் உயிருக்கு ஆபத்தை உணர்ந்தால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களா செய்யலாம்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே வேலையை நிறுத்த வேண்டும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்த்துக்கொண்டிருப்பவருக்கும் அது வரும். 108ஐ அழையுங்கள். நிழலில் கிடத்தி, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் நண்பகலில் பள்ளிவாசல் வராந்தாவையும் குடிநீரையும், எந்தச் சமயத்தவர் ஆனாலும், உழைப்பாளிகளுக்குத் திறந்துவைக்கட்டும். தாகம் தீர்ப்பது சிறந்த தர்மம்.