வலி போச்சு, மூட்டும் போச்சு - டனெஸுமாப் கதை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தவர்கள் சுமார் 52.8 கோடிப் பேர். இத்தனை பெரிய மார்க்கெட் இருந்தும் தேய்வதைத் தடுக்கும் மருந்து ஒன்றுகூட இன்றுவரை வரவில்லை. உடற்பயிற்சி, வலி மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி, கடைசியில் செயற்கை மூட்டு... அவ்வளவுதான். தேய்மானத்தை விடுங்கள், வலியையாவது ஒழுங்காக நிறுத்துவோம் என்று கிளம்பிய ஒரு மருந்தின் கதை இது.

கதை ஆரம்பிப்பது இத்தாலியில், ஒரு படுக்கையறையில். 1938-ல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களால் யூதர்கள் பல்கலைக்கழக வேலையை இழந்தார்கள். அதில் டூரின் நகரத்து இளம் டாக்டர் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஒருவர். அவர் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டு, கோழிக் கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தார். தையல் ஊசியைத் தீட்டினால் கத்தி. ஆய்வுக்குப் போக மிஞ்சிய முட்டை வீட்டுச் சமையலுக்கு!

போருக்குப் பின் 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போனார். அங்கே சுண்டெலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டியபோது நரம்புகள் தாறுமாறாக வளர்ந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளியே வருகிறது, அதுதான் நரம்பை "வளர்" என்று சொல்கிறது என அவர் புரிந்துகொண்டார். ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதற்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? குழந்தையில் நரம்பை வளர்க்கிற இதே என்.ஜி.எஃப்., வளர்ந்த உடம்பில் வலியைக் கூட்டும் வேலையைச் செய்கிறது. மூட்டு கெட்டு அழற்சி வரும்போது அங்கே என்.ஜி.எஃப். அதிகமாகிறது. வலி நரம்பின் நுனியில் ட்ரக்-ஏ என்று ஒரு ஏற்பி இருக்கிறது. என்.ஜி.எஃப். அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய ஜோடி அப்படியே நரம்புக்குள் இழுக்கப்பட்டு, நரம்பு செல்லின் உடல்வரை பயணம் செய்து, வலியை உணர்த்தும் புரதங்களைக் கூடுதலாகத் தயாரிக்க வைக்கிறது. அப்புறம் மாடிப்படி ஏறினாலே உயிர் போகும்.

1996-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே வலி தெரியாத, வியர்க்காத ஒரு அபூர்வ நோய் உள்ள குழந்தைகளுக்கு, இந்த ட்ரக்-ஏ ஏற்பியின் மரபணுவில்தான் கோளாறு. ஆக, இந்தப் பாதையை அடைத்தால் வலி இருக்காது. மருந்து கம்பெனிகளுக்குப் பிடித்த செய்தி இது. ஆனால் அதே குழந்தைகளுக்கு எலும்பு முறிவதும், மூட்டு சிதைவதும் சகஜம். அந்தப் பாதிச் செய்தியும் மருத்துவ நூல்களில் இருந்தது. (பிறவியிலேயே வலி நரம்பு இல்லாமல் இருப்பதும், வயதான பிறகு கொஞ்சம் அடைப்பதும் ஒன்றல்ல என்று வாதாட இடமிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

சரி, மருந்துக்கு வருவோம். என்.ஜி.எஃப்-ஐப் பிடித்துக்கொண்டு ட்ரக்-ஏ பக்கமே போகவிடாமல் செய்யும் ஆன்டிபாடிதான் டனெஸுமாப். உருவாக்கியது ரினாட் என்ற சின்ன கம்பெனி. 2006-ல் ஃபைசர் அதை விலைக்கு வாங்கியது. நேரமும் நல்ல நேரம். 2004-ல்தான் மெர்க் கம்பெனியின் வயாக்ஸ் மாத்திரை, மாரடைப்பு அபாயத்தால் கடையிலிருந்து வாபஸ் ஆகியிருந்தது. புது வலி மருந்துக்கு இடம் காலி.

முழங்கால் நோயாளிகள் சுமார் 450 பேரிடம் நடந்த சோதனையில், நடக்கும்போது வரும் வலி 45 முதல் 62 சதவீதம் வரை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 22 சதவீதம். வலி மருந்து உலகில் இது அபார மார்க். ஆனால் இந்தக் கட்டுரை பத்திரிகையில் வெளிவருவதற்குள், 2010 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சோதனைகளை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு மூட்டு மளமளவென்று சிதைந்து, மாற்று அறுவை சிகிச்சை வரை போயிருந்தது.

ஏன்? வலி தெரியாததால் கெட்ட மூட்டை அதிகமாக உபயோகித்தார்களா, அல்லது எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளவே என்.ஜி.எஃப். தேவைப்படுகிறதா? இன்னும் தீராத விவாதம். வழக்கமான வலி மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு அபாயம் அதிகம் என்பது மட்டும் தெரிந்தது. அதைத் தவிர்த்தால் போதும் என்ற நம்பிக்கையில் 2012 மார்ச்சில் எஃப்.டி.ஏ. ஆலோசனைக் குழு 21-0 என்று தொடரச் சம்மதித்தது. பிறகு விலங்குகளின் நரம்பு மண்டலத்தில் தெரிந்த மாற்றங்களால் இன்னொரு தடை, அது நீங்கியது 2015-ல். நடுவே 2013-ல் லில்லி கம்பெனி, நிபந்தனைகளோடு 180 கோடி டாலர் வரை தருவதாகக் கூட்டு சேர்ந்தது. சோதனையே நின்று கிடக்கும் மருந்துக்கு! காமர்ஸ் வகுப்பில் ரிஸ்க் பற்றிப் பாடம் எடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முடிவு வந்தது மூன்றாம் கட்டத்தில். சுமார் 3000 பேரிடம் வழக்கமான வலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் எத்தனை மூட்டுப் பாதிப்பு என்று கணக்கு: மாத்திரைக்கு 14.8, டனெஸுமாப் 2.5 மில்லிகிராமுக்கு 38.3, 5 மில்லிகிராமுக்கு 71.5. சரி, அபாயம் கம்மியான 2.5-ஐயே விற்கலாம் என்றால், அந்த அளவு மாத்திரையைவிட வலியை அதிகமாகக் குறைக்கவில்லை! வருடா வருடம் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்கிறோம் என்றது கம்பெனி. எக்ஸ்ரேயில் தெரியும்போது மூட்டு ஏற்கெனவே போயிருக்குமே? 2021 மார்ச்சில் குழு 19-1 என்று கைவிரித்தது. செப்டம்பரில் ஐரோப்பியக் குழுவும் வேண்டாம் என்றது. அக்டோபரில் இரு கம்பெனிகளும் திட்டத்தை மூடின.

குழுவின் முடிவு சரியென்றுதான் தோன்றுகிறது. ஆனால் சிறுநீரகம் கெட்டோ, வயிற்றுப் புண்ணாலோ வலி மாத்திரையே சாப்பிட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே இருப்பது மாத்திரையா ஊசியா என்ற கேள்வி அல்ல. ஊசியா, அல்லது ஒன்றுமே இல்லையா என்பதுதான். சோதனை ஒப்பிட்டது மாத்திரையோடு!

ரீட்டா 2012 டிசம்பர் 30-ல், 103 வயதில் காலமானார். அவர் பெயரை நினைவுபடுத்தும் லெவிசெப்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, என்.ஜி.எஃப். ஒட்டக்கூடிய இன்னொரு ஏற்பியான பி75-ஐ மாதிரியாக வைத்து லெவி-04 என்ற மருந்தைச் செய்தது. முழங்கால் நோயாளிகள் சுமார் 500 பேரிடம் நடந்த அதன் இரண்டாம் கட்ட முடிவு 2024-ல் வந்தது. வலி குறைந்திருந்தது. மூட்டுப் பாதிப்பு வெற்று ஊசியைவிட அதிகமாகவில்லை. ஆனால் அது சில மாதங்களே ஓடிய சோதனை. டனெஸுமாப்பும் அந்தக் கட்டத்தில் அமோகமாகத்தான் இருந்தது.