களத்துக்குள் வந்த மேடை: ஹூஸ்டன் ரோடியோவில் இசையின் வரலாறு

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தை ஒட்டி ஏறக்குறைய மூன்று வாரங்கள் நடக்கும் கால்நடைக் கண்காட்சியும் ரோடியோவும் இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய இசைவிழாக்களுள் ஒன்றாகவும் இருக்கின்றன. மாலையில் காளை சவாரி, கயிறு வீச்சு, குதிரையோட்டம். அவை முடிந்ததும் அதே மண்களத்தில் பெரும் பாடகர் ஒருவரின் கச்சேரி. இரண்டையும் பார்க்க ஒரே நுழைவுச்சீட்டு போதும். இசையைக் கூட்டம் சேர்க்கும் உத்தி என்று மட்டும் கருதி ஒதுக்கினால் இவ்விழாவின் சமூக வரலாறு பிடிபடாமல் போய்விடும். கௌபாய்த் தொழிலை உருவாக்கியும் அதன் பொதுப் படிமத்திலிருந்து விடுபட்டுப்போன இரு சமூகத்தார், மெக்சிகோ வழித்தோன்றல்களும் கறுப்பின மக்களும், இவ்விழாவின் நடுவிடத்துக்கு வந்து சேர்ந்ததில் பாட்டு மேடைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குதிரைமேலிருந்து கயிறு வீசி மாடு பிடிப்பதும், பரந்த மேய்ச்சல் நிலத்தில் மந்தையை வளைத்து ஓட்டுவதும் ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் மெக்சிகோவின் வக்கேரோக்கள் எனப்பட்ட குதிரையேறிய மாட்டு மேய்ப்பர்கள் வளர்த்த தொழில்முறைகள். டெக்சஸ் குடியேறிகள் அவற்றை அவர்களிடமிருந்தே கற்றார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் டெக்சஸிலிருந்து வடக்கே மந்தை ஓட்டிச் சென்றவர்களில் சுமார் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாய்வாளர் பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. ரோடியோவின் முக்கியப் போட்டிகளுள் ஒன்றான, ஓடும் குதிரையிலிருந்து தாவி மாட்டின் கொம்பைப் பற்றி வீழ்த்தும் ஆட்டத்தைப் புகழ்பெறச் செய்தவர் டெக்சஸில் பிறந்த கறுப்பின வீரர் பில் பிக்கெட். மாட்டின் உதட்டைப் பல்லால் கவ்வி அதை நிலைகுலையச் செய்வது அவருடைய முறை. குதிரை உதைத்ததில் காயமுற்று 1932-இல் அவர் இறந்தார். ஹூஸ்டனின் முதல் கண்காட்சி நடந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்த முதல் கண்காட்சியில் ரோடியோவும் இல்லை, பாடகரும் இல்லை. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, கொழுத்த மாடுகளுக்கு நல்ல விலை பெற்றுத்தரும் நோக்கில் நகரத்து வணிகர்களும் பண்ணையாளர்களும் கூடி நடத்திய சந்தை அது. முதல் பரிசு பெற்ற காயடித்த காளை 504 டாலருக்கு ஏலம் போயிற்று. 1938-இல் நகரின் புதிய உள்ளரங்கத்துக்கு மாறியபோதுதான் ரோடியோவும் நகர்வல ஊர்வலமும் சேர்ந்தன.

1942-ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் திருப்பமாகக் கொள்ளலாம். அவ்வாண்டு ஜீன் ஆட்ரி முதல் நட்சத்திரப் பாடகராக வந்தார். டெக்சஸின் டயோகா என்ற சிற்றூரில் பிறந்து, ரயில்வே தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து, வானொலியாலும் திரைப்படத்தாலும் 'பாடும் கௌபாய்' என்று நாடறியப் பெற்றவர் அவர். அதே ஆண்டில் தொடங்கிய இன்னொன்று கன்று பிடிக்கும் போட்டி. பள்ளிப் பிள்ளைகள் களத்தில் சிதறி ஓடும் கன்றுகளைத் துரத்துவார்கள். பிடித்த கன்றுக்குத் தலைக்கயிறு மாட்டி, அது முரண்டு பிடித்துக் காலை ஊன்றி நின்றாலும், இழுத்தும் தள்ளியும் நடுவிலுள்ள கட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வென்ற பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கால்நடை வாங்கப் பணம் கிடைக்கும். அதை வளர்த்து மறு ஆண்டு கண்காட்சிக்குக் கொண்டுவருவது கடமை. வேளாண் கல்வியும் நட்சத்திரக் கவர்ச்சியும் ஒரே ஆண்டில் இவ்விழாவுக்குள் வந்தன என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் ஆட்ரி பாடிய கௌபாய் உலகம் திரைப்படம் வெள்ளையடித்துத் தந்த உலகம். வக்கேரோவும் பிக்கெட்டும் அதில் இல்லை.

விடுபட்டவர்கள் முதலில் குதிரையேறித்தான் வந்தார்கள். 1952-இல் டெக்சஸின் ப்ரென்ஹாமிலிருந்து நான்கு பேர் குதிரைப் பயணமாக ஹூஸ்டன் வந்ததில், விழாவுக்குக் குதிரையில் வரும் வழக்கம் உருவாயிற்று. 1957-இல், இனப் பிரிவினை நடப்பிலிருந்த டெக்சஸில், கறுப்பினக் குதிரைவீரர்கள் ப்ரெய்ரி வியூவிலிருந்து தங்களுக்கென ஒரு பயணத்தைத் தொடங்கினர். 1973 முதல் மெக்சிகோ எல்லைப் பகுதியிலிருந்தும் ஓர் அணி வரத் தொடங்கியது. சாலையோரம் கூடாரமடித்துத் தங்கி, பல நாள் குதிரையில் வந்து நகருக்குள் நுழைந்த இந்த அணிகளின் செயலை நான் உரிமைக் கோரிக்கையாகவே வாசிக்கிறேன்.

1966-இல் விழா ஆஸ்ட்ரோடோமுக்கு இடம்பெயர்ந்தது. முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட அந்த அரங்கம், உலகிலேயே கூரையிட்ட முதல் மாபெரும் விளையாட்டரங்கம். பல்லாயிரம் இருக்கைகளைப் பல நாள் நிரப்ப மாட்டுப் போட்டி மட்டும் போதாது என்ற நெருக்கடி பாடகர் பட்டியலை நாட்டுப்புற கௌபாய் இசைக்கு வெளியே விரித்தது. 1970-இல் எல்விஸ் பிரெஸ்லி வந்து ஆறு நிகழ்ச்சிகள் நடத்தினார். தம்முடன் பாடிவந்த கறுப்பினப் பெண்கள் குழுவை விட்டுவிட்டு வரும்படி ஹூஸ்டனிலிருந்து சொல்லி அனுப்பப்பட்டதாகவும், அவர்கள் வராவிட்டால் தாமும் வரப்போவதில்லை என்று எல்விஸ் மறுத்ததாகவும் அக்குழுவினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். அவர்கள் மேடையேறினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1973-இல், கறுப்பினக் குழுவான ஜாக்சன் சகோதரர்கள் அதே அரங்கில் முதன்மைக் கலைஞர்களாகப் பாடினர்.

இவ்வரலாற்றின் உச்சம் 1995 பிப்ரவரி 26 என்பேன். ஹூஸ்டனுக்குத் தெற்கே லேக் ஜாக்சனில் பிறந்த செலெனா, டெக்சஸ் மெக்சிகோ வழியினரின் தெஹானோ இசையைப் பாடியவர். அவ்விழாவில் அவர் பாடியது தொடர்ந்து மூன்றாவது ஆண்டு. தாமே வடிவமைத்த ஊதா நிற உடையில், குதிரைவண்டியில் களத்தைச் சுற்றிவந்து மேடையேறினார். கூட்டம் 60,000-க்கு மேல். முதலில் பாடியது ஆங்கில டிஸ்கோ பாடல்களின் கோவை. அதன்பின் தம் ஸ்பானிய மொழிப் பாடல்களுக்கு வந்தார். வக்கேரோவின் மொழி அந்த மண்ணின்மேல் அத்தனை பேர் முன்னிலையில் விழாவின் மையமாக ஒலித்தது சின்ன விஷயமல்ல. அடுத்த மாதம் 31-ஆம் தேதி, 23 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இழப்பின் கனத்தோடுதான் அந்நிகழ்ச்சியின் ஒளிப்பதிவை இன்றும் பார்க்கிறோம்.

2003-இல் விழா பக்கத்திலிருந்த புதிய அரங்கத்துக்கு மாறியது. அதன்பின் வருகைச் சாதனைகளே இம்மாற்றத்துக்கு ஒரு சான்றாவணம். 2017-இல் தெஹானோ நாளன்று 75,557 பேர். 2019 மார்ச் 1-இல் நியூயார்க்கின் ராப் பாடகி கார்டி பிக்கு 75,580 பேர். அம்மாதம் 17-இல் நாட்டுப்புற கௌபாய் இசைப் பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டுக்கு 80,108 பேர். கடைசி எண்ணுக்குரிய இரவில் ரோடியோ நடக்கவில்லை, கச்சேரி மட்டுமே. மேடை களத்தையே விழுங்கிவிடும் என்ற பண்ணையாளர் தரப்புக் கவலைக்கு இதில் இடமிருக்கிறது. அதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். எனினும் நுழைவுச்சீட்டிலும் கால்நடை ஏலத்திலும் வரும் பணம் இன்றும் டெக்சஸ் மாணவர்களின் கல்லூரி உதவித்தொகைக்குப் போகிறது. கச்சேரி நடக்கும் மற்ற நாட்களில், பாடகர் வருமுன், பிள்ளைகள் கன்றுகளைத் துரத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.