புதிய ஆசிரியரை வரவேற்ற வரலாறு

பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் கட்டிடம் எழுந்த ஆண்டினையும், மாணாக்கர் தொகையினையும் தவறாது குறிப்பர். அப்பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டார் என்பதைக் குறிப்பார் அரியர். ஆயினும், ஒரு பள்ளியின் இயல்பை அறிய அதனினும் சிறந்த உரைகல் இல்லை. ஆதலின், நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றைச் சிறிது நோக்குதல் பொருத்தமாகும்.

பண்டைத் திண்ணைப் பள்ளியில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை, இளையோர்க்கு எழுத்தறிவித்தான். கற்பித்தே கற்பிக்கப் பழகினான். மணலில் எழுதிப் பழகும் நம் நாட்டு முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், 1789-இல் தாம் பொறுப்பேற்ற சென்னை எழும்பூர் ஆண் அனாதைப் பள்ளியில் அதனைப் புகுத்த முனைந்தார். அங்கிருந்த ஆசிரியர் இணங்காமையின், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். 1797-இல் அவர் இலண்டனில் நூல் வெளியிட்டபின் அது ‘சென்னை முறை’ எனப் புகழ்பெற்றது. மேல்நாட்டார் போற்றிய அந்தத் திண்ணையில் நம் முன்னோர்க்கு இடமில்லை என்பதே வரலாற்றின் முரண்.

1848-இல் பூனாவில் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். பாடம் சொல்லச் சென்ற சாவித்திரிபாய் அம்மையாரை ஊரார் சாணத்தாலும் கல்லாலும் ‘வரவேற்றனர்’. மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றே அவர் பணியாற்றினார் என்பர். புதிய ஆசிரியருக்கு இந்நாடு அளித்த வரவேற்புகளுள் மறக்கலாகாதது இது.

தமிழகத்தில் 1893-இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்குத் தனிச் சலுகைகள் அளித்து ஆணையிட்டது. மறு ஆண்டே கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி நிறுவினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியப் பணியிலிருந்து பொதுவாழ்விற்கு வந்த எம். சி. ராஜா அவர்கள் சட்டமன்றத்திலும் நம் குரலை ஒலித்தார். பின்னர்த் தொழிலாளர் துறையும் சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. பள்ளி திறப்பதினும் ஆசிரியரை நிலைக்கச் செய்தலே அரிதாயிற்று. மேற்சாதி ஆசிரியர் பலர் சேரிக்கு வர மறுத்தனர். நம்மவருள் ஆசிரியரானார்க்கோ ஊருக்குள் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாயிருந்தது.

1950-இல் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. எனினும், சட்டம் நுழைந்த இடமெல்லாம் பழக்கம் வெளியேறிவிடவில்லை. யான் பணியில் சேர்ந்த நாள் இன்றும் நினைவில் உள்ளது. பணியேற்பு அறிக்கையில் கையொப்பமிட்டேன். ஆசிரியர் அறையில் நாற்காலிகள் காலியாக இருந்தும் ‘அமருங்கள்’ என எவரும் சொல்லவில்லை. தேநீர் வந்தது, ஏனையோர்க்குக் கண்ணாடிக் குவளை, எனக்கு மட்டும் வேறு குவளை. யான் அதனைத் தொடவில்லை, வகுப்பிற்குச் சென்றேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “ஐயா, நீங்க நாளைக்கும் வருவீங்களா?” என்று கேட்டாள். அவ்வகுப்பிற்கு அவ்வாண்டில் வந்துபோன ஆசிரியர்களுள் யான் மூன்றாமவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று என்னை வரவேற்றவள் அவளே.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப்பின் மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. அவை கற்பிக்கும் முறையைப் பயிற்றும். முதல்நாள் மதிப்பைப் பள்ளியே தர வேண்டும். தலைமையாசிரியனான பின் யான் கைக்கொண்ட முறை எளியது. புதியவரை வாயிலில் எதிர்கொள்வேன். என் அருகே அமர்த்தி, ஒரே பானைத் தண்ணீரை இருவரும் அருந்துவோம். பிறர் தள்ளிய வகுப்பை அவர் தலையில் கட்டுவதில்லை. முதல் வாரம் மூத்தவர் ஒருவரின் வகுப்பில் அவர் உடனிருப்பார். மாலையில் அவரை அழைத்துக்கொண்டு மாணாக்கர் வாழும் தெருவிற்குச் சென்று, பெற்றோர்க்கு அறிமுகம் செய்வேன். தெருவை அறிந்த ஆசிரியர் மாறுதல் கேட்க விரைவதில்லை என்பது என் பட்டறிவு.

நம் கழகத்தாரும் தத்தம் ஊர்ப் பள்ளிக்குப் புதிய ஆசிரியர் வரும் நாளில் இருவரேனும் சென்று எதிர்கொள்வாராக. ‘நாளைக்கும் வருவீர்களா?’ என ஒரு குழந்தையும் கேட்க வேண்டாத நிலை எய்துவதே இவ்வெள்ளி விழாவின் பயனாகட்டும்.