ஹெரால்டின் பின்சக்கரத்துத் தகடு

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை மறுபடி ஓட வைக்கிறவங்க கடைசியில வந்து நிற்கிற இடம் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. பேரு ஷிம்.

1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி அதைத் தயாரித்தது. 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதன் தங்கை. ரெண்டுலயும் பின்சக்கரங்கள் தனித்தனியா ஏறி இறங்கும். ஸ்விங் ஆக்சில்னு சொல்வாங்க. சக்கரத்திலிருந்து முன்னால் வரும் ஒரு கம்பி பாடியில் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் இடுக்கில்தான் ஷிம். ஒண்ணு கூட்டினா சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பும், எடுத்தா உள்ளே. கணக்கு தப்பினா டயர் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரிக்கும்போது எத்தனை இருந்ததோ அத்தனையே போட்டா போதாதா? போதாது. துருவை வெட்டி வெல்டு வெச்ச பாடி பழைய பாடி இல்லை. பின்னாடி குறுக்கே போகிற லீஃப் பட்டை தளர்ந்திருந்தா அளவே பொய். முதல்ல பட்டையைச் சரி பண்ணணும், வண்டி தன் எடையில் உட்காரணும். அப்புறம் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு சக்கரமா அளக்கணும்.

இந்த ஸ்விங் ஆக்சில் நம்ம மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவே இல்லை. அடுத்து, 1970-களின் தொடக்கத்தில் வந்த கெசல் காரில் கம்பெனியே அதைத் தூக்கிட்டு, ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆக்சில் போட்டது.

குடவாசலில் நான் பார்த்த ஹெரால்டுக்கும் கெசல் ஆக்சிலையே மாட்டிடலாமான்னு பேச்சு. நிம்மதிதான், ஆனா அப்புறம் அது ஹெரால்டு இல்லை என்பது என் கட்சி. பழைய தகடுகளை இடம், வலம்னு எழுதி ரெண்டு கவர்ல எடுத்து வெச்சிருக்காங்க.