மழை மாதத்து லயம்

மலேசியத் தோட்டத்து லயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேற்குக் கரைக்காரர்கள். அதனால் மழை அவர்கள் எழுத்தில் அதிகம் வராது. கிழக்குக் கரையில் மெர்சிங் பக்கம் வளர்ந்த எனக்கோ லயம் என்றாலே நவம்பரில் பிடித்து ஜனவரி வரை விடாத வாடை மழைதான்.

நீளமாக ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாக அறைகள், முன்னால் அஞ்சடி. குடும்பத்துக்கு ஓர் அறை. இடையிலிருந்த பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. அடுத்த வீட்டுப் பிள்ளை இருமினால் அம்மா இங்கிருந்தே ஓமத்தண்ணி கொடுக்கச் சொல்வார். சமையல்கட்டு தோட்டம் கொடுத்ததல்ல. பழைய தகரமும் பலகையும் சேர்த்து அப்பாவே பின்பக்கம் இழுத்துக் கட்டினார். அடுப்புக்கு மேலே பரண். அக்டோபரிலேயே ரப்பர் விறகை அதில் அடுக்கிவிட வேண்டும். விறகோடு விறகாக, டவுனில் வாங்கிய கருவாடும் புகையில் தொங்கும். அந்த மூன்று மாதமும் எங்கள் சட்டை, புத்தகம், தலைமுடி எல்லாமே கருவாட்டுப் புகைதான்.

மழையில் ரப்பர் மரத்துப் பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, மரமெல்லாம் வழியும். பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர்தான் நிறையும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தண்டல் கையை விரித்தால் அன்றைய சம்பளமும் இல்லை. கடலில் படகும் போகாது. மீனவருக்கும் எங்களுக்கும் ஒரே காலத்தில் பஞ்சம். கடைக்காரரின் கடன் புத்தகம் மட்டும் தடித்துக்கொண்டே போகும்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான், 1942 ஜனவரி 26-27 இரவில், மெர்சிங்குக்கும் ஜெமாலுவாங்குக்கும் இடையே நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை மறித்துத் தாக்கியது. போர் வரலாற்றில் அது ஒரு களம். எனக்கு அது அடுப்புகள் எரிந்த ஊர். அதன் பிறகு ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். அந்தக் காலத்து அடுப்பில் வெந்தது மரவள்ளிக் கிழங்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற வழக்கம் அப்படியே இருந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் சொந்தக் காசில் கட்டிய சமையல்கட்டுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்கவில்லை.